எந்த இருக்கை என்று சொல்லாமல் விற்ற டிக்கெட்: பணத்தைத் திருப்பித் தரக் கோரும் புகார்

அனுப்புநர்: உங்கள் வாடிக்கையாளர், ஹாரோ, லண்டன்
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு, டிக்கெட் மறுவிற்பனை நிறுவனம்
நாள்: 22 அக்டோபர் 2024

பொருள்: லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் அக்டோபர் 11 அன்று நடந்த, பிங்க் ஃபிளாய்ட் ராக் குழுவின் கிட்டார் கலைஞர் டேவிட் கில்மோரின் நிகழ்ச்சிக்கு நீங்கள் விற்ற இரண்டு டிக்கெட்டுகள்

ஐயா,

தொலைபேசியில் புகார் சொன்னபோது உங்கள் ஊழியர், "நிகழ்ச்சி நன்றாகத்தானே இருந்தது, பிறகென்ன குறை?" என்று கேட்டார். நிகழ்ச்சி நன்றாகத்தான் இருந்தது. 78 வயதில் மேடையேறி, இடைவேளைக்கு முன்னும் பின்னுமாக வாசித்துத் தள்ளிய கில்மோருக்கு அந்தப் பெருமை சேரும். உங்கள் நிறுவனத்துக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை. அவரைச் சரியாகப் பார்க்க விடாமல் செய்ததுதான் உங்கள் பங்கு.

விளம்பரத்திலிருந்தே தொடங்குகிறேன். "பிங்க் ஃபிளாய்ட் லண்டனில்!" என்று கொட்டை எழுத்தில் போட்டு, கீழே அந்தக் குழுவின் நால்வர் படத்தையும் அச்சிட்டிருந்தீர்கள். அந்த நால்வரில் ரிச்சர்ட் ரைட் 2008இலேயே காலமாகிவிட்டார். நெடுநாளாகப் பகைத்துக்கொண்டிருக்கும் ரோஜர் வாட்டர்ஸும் கில்மோரும் சேர்ந்து சுற்றுப்பயணம் போவார்கள் என்று இந்த இசையைக் கேட்டு வளர்ந்த யாரும் நம்ப மாட்டார்கள். இது செப்டம்பர் 6 அன்று வெளியான 'லக் அண்ட் ஸ்ட்ரேஞ்ச்' ஆல்பத்துக்காகக் கில்மோர் தன் சொந்தப் பெயரில் நடத்தும் பயணம். பிரைட்டனில் இரண்டு இரவுகள், ரோமில் பழைய தேரோட்டத் திடலில் ஆறு, லண்டனில் ஆறு, அடுத்து லாஸ் ஏஞ்சலஸ், நியூயார்க். எனக்கு இது தெரியும்; தெரிந்துதான் வாங்கினேன். உங்கள் படத்தை நம்பி உடன் வந்த என் மைத்துனருக்குத் தெரியாது. இடைவேளையில் அவர், "மற்றவர்கள் எப்போது வருவார்கள்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை உங்களுக்கே அனுப்பி வைக்கிறேன்.

ஆனால் என் முதன்மைப் புகார் அதுவல்ல. "ஸ்டால்ஸ் பகுதி (கீழ்த்தட்டு இருக்கைகள்), மேடைக்கு மிக அருகில்" என்று சொல்லி விற்றீர்கள். எந்த வரிசை, எந்த எண் என்று மின்னஞ்சலில் கேட்டேன். "நிகழ்ச்சியன்று தெரியவரும்" என்று ஒரு வரிப் பதில் வந்தது. டிக்கெட்டும் அன்று மாலைதான் வந்தது. மேடைக்கு அருகில் என்பது உண்மைதான், பக்கவாட்டில்! அந்த அரங்கம் நீள்வட்டமானது. மேடையை ஒட்டிய கடைக்கோடி இருக்கைகளில் அமர்ந்தால், தொங்கவிட்ட ஒலிபெருக்கி அடுக்குக்கும் விளக்குத் தூணுக்கும் நடுவே கிடைக்கும் இடுக்கில்தான் மேடை தெரியும். கில்மோரின் வாசிப்பு விரல் வேகத்தை நம்பியது அல்ல. இடக்கை விரலால் தந்தியை வளைத்து, வலக்கையில் கிட்டாரில் பொருத்திய, சுரத்தை அதிரவைக்கும் சிறு கம்பியை மெல்ல அசைத்து, ஒரே சுரத்தைப் பேச வைப்பார். கேட்பதற்கு வீட்டில் இசைத்தட்டு இருக்கிறது; அந்தக் கைகளைப் பார்க்கத்தான் ஆல்பர்ட் ஹாலுக்குப் போனோம். இவருடைய முந்தைய தனிப் பயணம் 2016இல் முடிந்தது. அடுத்தது எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது. அவர் மகள் ரோமனி, 'பிட்வீன் டூ பாயிண்ட்ஸ்' பாடலைப் பாடியபோது எங்களுக்குக் குரல் மட்டும் வந்தது. ஆளும், அவர் வாசித்த ஹார்ப் என்ற பெரிய தந்தி வாத்தியமும் ஒலிபெருக்கிக்குப் பின்னால் மறைந்துவிட்டன.

இதற்கு உங்கள் ஊழியர் சொன்ன சமாதானம்: "அவை தனியாருக்குச் சொந்தமான இருக்கைகள், அவர்களிடம் வாங்கித்தான் தருகிறோம், முன்கூட்டியே எண் தெரியாது." இந்தப் பதில்தான் என்னைக் கடிதம் எழுத வைத்தது. 1871இல் அந்த அரங்கம் திறக்கப்படுவதற்கு முன், கட்டடச் செலவுக்காக இருக்கைகளைத் தலா 100 பவுண்டுக்கு 999 ஆண்டு உரிமையோடு விற்றார்கள். இன்றும் ஐயாயிரத்துச் சொச்சம் இருக்கைகளில் 1,200க்கும் மேற்பட்டவை அப்படித் தனியார் கையில் இருக்கின்றன. 999 ஆண்டுகளுக்கு இடம் மாறாத இருக்கையின் எண், விற்பவருக்குத் தெரியாதாம்! மற்ற எந்த டிக்கெட்டைவிடவும் இதில்தான் எண் முன்பே உறுதியாகத் தெரியும். தெரிந்தே மறைத்தீர்கள் என்றே நான் கொள்கிறேன்.

சட்டமும் உங்களுக்கு இடம் தரவில்லை. 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, டிக்கெட்டை மறுவிற்பனை செய்பவர் அது எந்தப் பகுதி, எந்த வரிசை, எந்த எண் என்பதையும் அதன் அசல் விலையையும் வாங்குபவரிடம் பணம் பெறுவதற்கு முன்பே சொல்ல வேண்டும். இரண்டையும் நீங்கள் சொல்லவில்லை. அசல் விலை கையில் வந்த டிக்கெட்டில்தான் தெரிந்தது. நான் கொடுத்தது அதைப் போல மூன்று மடங்குக்கும் மேல். அதற்கு மேல் "சேவைக் கட்டணம்" வேறு. என்ன சேவை என்று இன்னும் விளங்கவில்லை.

டிக்கெட்டோடு சேர்த்து விற்ற தொகுப்பில் அடங்கும் என்று சொன்ன புதிய ஆல்பத்தின் இசைத்தட்டும் வரவில்லை. ரைட் இறப்பதற்கு முந்தைய ஆண்டு வாசித்துப் பதிவான கீபோர்டு, தலைப்புப் பாடலில் இருக்கிறது. அதற்காகவே அந்தத் தட்டை எதிர்பார்த்தேன். இப்போது கடையில் வாங்கிவிட்டேன். அதன் விலையைத் தாருங்கள்.

நான் கேட்பது இவைதாம்: இரண்டு டிக்கெட்டுகளுக்கும் அசல் விலைக்கு மேல் வாங்கிய தொகை முழுவதும், சேவைக் கட்டணம், இசைத்தட்டின் விலை. இக்கடிதம் கிடைத்த 14 நாட்களுக்குள் என் கணக்கில் வரவு வைக்க வேண்டும். இல்லையென்றால் உள்ளூராட்சியின் வர்த்தகத் தர நிர்ணயப் பிரிவில் இதே ஆவணங்களோடு முறையிடுவேன். விளம்பரம், மின்னஞ்சல்கள், பற்றுச்சீட்டு, எங்கள் இருக்கையிலிருந்து எடுத்த படம் ஆகியவற்றை இணைத்திருக்கிறேன். படத்தில் தெரியும் கருப்புப் பெட்டி ஒலிபெருக்கி. கில்மோர் அதற்குப் பின்னால் நிற்கிறார்.

பணத்துக்குப் பதிலாக அடுத்த மாதத் திரையிசை நிகழ்ச்சிக்குக் கூப்பன் தருவதாகவும் உங்கள் ஊழியர் சொன்னார். அது வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்