செயலாளர் ஆண்டறிக்கை: கடல் கடந்த தத்தெடுப்பு குறித்து

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், தத்துப் பெற்றோர் அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். ஆண்டு முழுவதும் நம்மை விடாமல் யோசிக்க வைத்த ஒரே விஷயத்தை மட்டும் இங்கே விரிவாகப் பதிவு செய்கிறேன்.

கைக்குழந்தையாக இருந்தபோது நம் மாவட்டத்திலிருந்து ஐரோப்பாவுக்குத் தத்துக் கொடுக்கப்பட்ட பெண்மணி ஒருவர், தம்மைப் பெற்றவரைத் தேடி ஆடி மாதக் கூட்டத்துக்கு வந்திருந்தார். அவரிடம் இருந்தது ஒப்படைப்புப் பத்திரத்தின் நகல் ஒன்றுதான். ஆங்கிலத் தட்டச்சு வாசகங்களின் கீழே மை பரவி ரேகையே தெரியாத ஒரு கைநாட்டு. சாட்சிகள் கையெழுத்திட வேண்டிய இரு கோடுகளும் வெறுமையாக இருந்தன. தமிழில் ஒரு சொல் இல்லை; படித்துக் காட்டியதாகவும் குறிப்பில்லை. அந்தத் தாய் எதற்குச் சம்மதித்தார் என்பதை அந்தத் தாளிலிருந்து யாராலும் சொல்ல முடியாது.

வெளிநாட்டுத் தத்தெடுப்பு தொடர்பான லட்சுமி காந்த் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் 1984இல், குழந்தைக்கு முதலில் இந்தியக் குடும்பத்தையே தேட வேண்டும் என்று நெறிமுறை வகுத்தது. நாடுகளிடையே நடக்கும் தத்தெடுப்பு குறித்த 1993ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையோ, தாயின் சம்மதம் குழந்தை பிறந்த பின்னரே, பணமோ வேறு ஆதாயமோ காட்டாமல் பெறப்பட வேண்டும் என்கிறது. இந்தியா அதை 2003இல் ஏற்றது. இளைஞர் நீதிச் சட்டம் 2015இன்படி, ஒப்படைத்த பெற்றோர் மனம் மாறுவதற்கு இரண்டு மாத அவகாசம் உண்டு. இவையெல்லாம் நல்ல விதிகள். ஆனால், இவற்றுக்கு முன்பே விமானம் ஏறிவிட்ட குழந்தைகளுக்குக் கோப்பு ஒன்றே ஆதாரம். 1992இல் நம் சேலத்தில்தான் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியது. எத்தனையோ பெண் சிசுக்களின் உயிரைக் காத்த அத்திட்டத்தின் தொட்டிலில், பெயர் சொல்லாமல் விடப்பட்ட குழந்தைக்கு அந்தக் கைநாட்டும் கிடையாது.

அந்தத் தாயைத் தேடி நம் மாவட்டத்து வாழப்பாடிப் பக்கம் ஊர் ஊராக விசாரிக்கலாம் என்று சில உறுப்பினர்கள் ஆர்வத்தோடு முன்வந்தார்கள். நிர்வாகக் குழு மறுத்தது. அது சரியான முடிவு என்றே கருதுகிறேன். தத்துப் போனவர் தம்மைப் பெற்றவரைத் தேடும் ‘வேர் தேடலில்’ மூன்றாம் நபர் இறங்குவதற்கு விதிகளில் இடமில்லை. அதோடு, பிறகு மணமாகி, யாரிடமும் சொல்லாத ஒன்றை மனதில் சுமந்து வாழும் ஒரு பெண்ணின் வாசலில் நாம் போய் நிற்பது எவ்வகையிலும் நியாயமாகாது. பதினெட்டு வயது கடந்தவர் தாமே விண்ணப்பிக்கலாம் என்பதால், அவ்விண்ணப்பத்தை எழுத மட்டும் உதவினோம்.

நெதர்லாந்து 2021இல் வெளிநாட்டுத் தத்தெடுப்பை நிறுத்தி வைத்தது. சீனா 2024இல் ஏறத்தாழ முற்றிலும் கைவிட்டது. அதே வழியை நாமும் கோரலாமா என்று மார்கழிக் கூட்டத்தில் நெடுநேரம் விவாதித்தோம். இங்கே யாரும் ஏற்க முன்வராத, மாற்றுத்திறனுள்ள குழந்தைக்கு அயல்நாட்டில் ஒரு குடும்பம் காத்திருக்கும்போது, கதவை அடைப்பதற்கு என் மனம் ஒப்பவில்லை. பெரும்பான்மையோரின் கருத்தும் அதுவே.

2022 செப்டம்பர் முதல் தத்தெடுப்பு ஆணைகளை நீதிமன்றத்துக்குப் பதிலாக மாவட்ட ஆட்சியரே வழங்குகிறார். ஆகவே, மூடப்பட்ட குழந்தைகள் இல்லங்களின் பழைய கோப்புகளைத் திரட்டிப் பாதுகாக்கக் கோரும் மனுவை ஆட்சியர் அலுவலகத்தில் அளித்து, ஒப்புகைச் சீட்டு பெற்றுள்ளோம். அந்தப் பெண்மணியின் விண்ணப்பத்துக்கு இன்னும் பதில் வரவில்லை.

இப்படிக்கு,
செயலாளர்