போக்கியப் பணம்

குடியாத்தம்
14-12-2025

அன்புள்ள சேகருக்கு,

உன் கடிதம் வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. உறையின் மேல் இன்னமும் ‘வடஆற்காடு மாவட்டம்’ என்றே எழுதுகிறாய். அது போய் வேலூர் ஆகி, அந்த வேலூரும் 2019-ல் மூன்றாகப் பிரிந்து, ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாகிவிட்டன. தபால்காரர் சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டுப் போனார். உன் முட்டிவலிக்கு எண்ணெய் வேண்டும் என்றாயே, மகன் கோவைக்கு வரும்போது கொடுத்தனுப்புகிறேன்.

நீ கேட்டது இரண்டு. பேரணாம்பட்டு வீட்டை இப்போது விற்றால் என்ன விலை போகும் என்பது ஒன்று. மாத வாடகைக்குப் பதில் மொத்தப் பணம் கொடுத்துப் போக்கியத்துக்கு இருப்பவர் கெடு முடியும் முன்பே அந்தப் பணத்தைத் திருப்பிக் கேட்கிறார், என்ன செய்யலாம் என்பது மற்றொன்று. முதலாவதற்கு அன்றைக்கே பதில் எழுதியிருப்பேன். இரண்டாவதற்காகத்தான் இத்தனை நாள்.

விலையைச் சொல்கிறேன். விலை குறையவே இல்லை. உங்கள் தெருவில் இரண்டு வீடுகள் விற்பனைக்கு நிற்கின்றன. ஒன்று ஆடிக்கு முன்பிருந்தே நிற்கிறது. சொன்ன விலையில் ஆயிரம் ரூபாய் இறங்கவில்லை. பார்க்கவும் ஆள் வரவில்லை. நம் பக்கத்தில் கெட்ட காலம் வந்தால் வீட்டு விலை விழுவதில்லை, விற்பனை நின்றுபோகிறது. ‘போன வருஷம் இந்த விலைக்குக் கேட்டார்கள்’ என்ற ஒரே நினைப்பைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்காரர் உட்கார்ந்திருப்பார். முப்பத்தைந்து வருடமாகப் பத்திரம் எழுதுகிறவனுக்கு ஊரின் நிலைமை புரோக்கர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, மேஜையே சொல்லிவிடும். ஐப்பசி முழுக்க நான் எழுதிய விற்பனைக் கிரயம் மூன்று. அடமானமும், வங்கிக்கு அசல் பத்திரத்தை ஒப்படைக்கும் ஆவணமும் சேர்த்துப் பதினொன்று. அந்த மூன்று கிரயத்திலும் ஒன்று அண்ணன் தம்பிக்குள்.

கிரய ஒப்பந்தத்தோடு நின்றுபோனவை தனி. ஷூ கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கும் ஒருவர் வைகாசியில் இரண்டு லட்சம் முன்பணம் கொடுத்து ஒப்பந்தம் போட்டார். மிச்சத்துக்கு வங்கிக் கடன். கடைசி மூன்று மாதச் சம்பள ரசீதைப் பார்த்த வங்கி, வருமானம் குறைந்திருக்கிறது என்று கடன் தொகையைக் குறைத்துவிட்டது. கெடு முடிந்துவிட்டது. விற்பவர் முன்பணத்தைத் திருப்பித் தரமாட்டேன் என்கிறார். அதை மகளின் கல்லூரிக்குக் கட்டிவிட்டாராம். இருவரும் என் திண்ணையில்தான் சண்டை போட்டார்கள்.

காரணம் உனக்குத் தெரிந்ததுதான். ஆகஸ்ட் 7-ல் இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா 25 சதவீத வரி போட்டது. 27-ஆம் தேதி இன்னொரு 25 சேர்ந்து ஐம்பதாயிற்று. ஆம்பூரில் எல்லா ஷூ கம்பெனியும் படுத்துவிட்டது என்று கோவையில் பேசிக்கொள்கிறார்களாமே, அது சரியில்லை. ஐரோப்பாவுக்குத் தைக்கும் இடங்களில் வேலை ஓடுகிறது. அமெரிக்க ஆர்டரை நம்பியிருந்த இடங்களில்தான் முடக்கம். அதனால் ஒரே தெருவில் ஒரு வீட்டில் ஓவர்டைம், பக்கத்து வீட்டில் வாரத்துக்கு மூன்று நாள். யாரையும் வேலையைவிட்டு நீக்கவும் இல்லை. நீக்கினால் கணக்கு முடித்து ஏதாவது கைக்கு வரும். இங்கே காலையில் பெண்களை ஏற்றிக்கொண்டு போகும் வேன் வராது, அவ்வளவுதான். டிபன் டப்பாவைக் கட்டிக்கொண்டு முச்சந்தியில் நின்றுவிட்டு, ஏழு மணிக்குத் திரும்பிப் போகிறவர்களை நான் நடைப்பயிற்சியில் பார்க்கிறேன். முன்பெல்லாம் ‘என்ன சார், வாக்கிங்கா’ என்று கேட்பார்கள். இப்போது அவர்களும் கேட்பதில்லை, நானும் வேறு தெரு வழியாகப் போகிறேன்.

உங்கள் தெருவுக்குப் போனால் அண்ணாந்து பார்க்கச் சொல்வேன். மாடி எழுப்புவதற்காகத் தளத்தில் விட்டுவைத்த தூண் கம்பிகள் வீட்டுக்கு வீடு நீட்டிக்கொண்டிருக்கின்றன. ‘மகன் தலையெடுத்ததும் மேலே ஒரு வீடு, அதன் வாடகை நமக்கு’ என்று எல்லோரும் போட்ட கணக்கு அது. சிலர் துருப்பிடிக்காமல் இருக்கச் சிமென்ட் பால் பூசி வைத்திருக்கிறார்கள்; மற்றக் கம்பிகளில் துணி காய்கிறது. ஏப்ரலில் குவாரிக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்ததில் ஜல்லியும் எம்-சாண்டும் விலை ஏறின. செப்டம்பர் 22 முதல் சிமென்டுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 ஆனது. கட்டலாம் என்று நினைக்கும் நேரத்தில் கையில் காசு இல்லை. வேலை இல்லாத கொத்தனார்கள் இரண்டு பேர் என்னிடம் கேட்டதால், தேவையில்லாமலே பின்சுவருக்குப் பூச்சு வேலை வைத்தேன். மனைவி இன்றுவரை திட்டுகிறாள்.

வேலூரில் வேறு கதை. சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியிருக்கும் லாட்ஜுகள் வங்காளத்திலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வருகிறவர்களை நம்பியவை. 2024 ஆகஸ்டுக்குப் பிறகு வங்கதேசத்தினருக்கு விசா இறுகிப்போய், என் மைத்துனரின் லாட்ஜில் பாதி அறை பூட்டியே கிடக்கிறது. மருத்துவமனையின் ராணிப்பேட்டை வளாகம் வந்த பிறகு ரத்தினகிரிப் பக்கம் வாடகை ஏறியிருக்கிறது என்று அவர் புலம்புகிறார். ஒருவர் கண்ணீர் இன்னொருவர் வாடகை. சரி, அதை விடு.

டிசம்பர் 5-ல் ரிசர்வ் வங்கி, தான் வங்கிகளுக்குக் கொடுக்கும் கடனுக்கான ரெப்போ வட்டியை 5.25-க்குக் கொண்டுவந்ததைப் பாராட்டி எழுதியிருந்தாய். வங்கியில் இருந்தவன், அப்படித்தான் எழுதுவாய். பிப்ரவரிக்கு முன் 6.5 இருந்தது, ஒன்றேகால் சதவீதம் குறைந்திருக்கிறது, நல்லதுதான். ஆனால் சம்பள ரசீது இல்லாத தையல்காரரும் ஆட்டோக்காரரும் வீடு கட்ட உன் வங்கிக்கா வந்தார்கள்? தனியார் ஃபைனான்ஸுக்குப் போனார்கள். அவர்கள் வட்டி இறங்கியதாக ஒரு காகிதமும் என் மேஜைக்கு இன்னும் வரவில்லை. தவணையை எப்படிக் கட்டுகிறார்கள் என்று கேள். ஜனவரியில் தங்கம் சவரன் 57 ஆயிரம் சொச்சம், இப்போது ஒரு லட்சத்தை எட்டப் பார்க்கிறது. அடகில் கிடக்கும் அதே சங்கிலியைத் திருப்பாமலே மாற்றி வைத்துக் கூடுதல் பணம் வாங்குகிறார்கள். தங்கம் ஊரைக் காப்பாற்றிவிட்டது என்று நகைக்கடைக்காரர் சொல்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சங்கிலி ஒன்றுதான், இரண்டு தடவை அதைச் சாப்பிட முடியாது.

காலையில் டீக்கடையில் செய்தித்தாளில், கடன் கட்டாதவர்களின் வீட்டை வங்கி எடுத்துக்கொள்ளும் சுவாதீன அறிவிப்புப் பக்கத்தை முதலில் திருப்புகிறேன், தெரிந்த பெயர் இருக்கிறதா என்று. இன்னும் இல்லை. இருக்கவும் முடியாது. தவணை நின்று 90 நாள் ஆனால்தான் வாராக்கடன், அதன்பின் 60 நாள் நோட்டீஸ். ஐப்பசியில் நிறுத்தியவரின் பெயர் சித்திரையில்தான் அச்சாகும். அதற்குள் நிலைமை திரும்பிவிடும் என்றுதான் எல்லோரும் இருக்கிறார்கள்.

இனி உன் இரண்டாவது கேள்வி.

உன் வீட்டில் இருப்பவரின் மனைவி அந்த வேனுக்குக் காத்திருப்பவர்களில் ஒருத்தி. நான்கு லட்சம் கொடுத்து மூன்று வருடப் போக்கியத்துக்கு வந்தார்கள். கெடு 2027 வைகாசியில். இப்போது மாமியார் வீட்டுக்கே போய்விடுகிறோம், பணத்தைத் தந்துவிட்டால் வீட்டு மனைக் கடனை அடைத்துவிடுவோம் என்கிறார்கள். ‘ஒப்பந்தப்படி கெடுவரை பொறுக்கட்டும்’ என்று நீ எழுதியிருக்கிறாய். சட்டம் உன் பக்கம்தான். முறைப்படி சுவாதீன அடமானமாகப் பதிவு செய்தால் 4 சதவீத முத்திரைத் தீர்வை வரும் என்று அன்றைக்கு வெறும் முத்திரைத்தாளில் எழுதி முடித்தோம். அதை எழுதியவன் நான். அவர்கள் உன்னை ஒன்றும் செய்ய முடியாது. அது தெரிந்ததால்தான் அவர்கள் உன்னிடம் நேராகக் கேட்காமல் என்னிடம் வந்தார்கள்.

உனக்கு இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். 1996-ல் பாலாற்றுக் கழிவு வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி, சுத்திகரிப்பு ஏற்பாடு இல்லாத தோல் தொழிற்சாலைகளை மூட வைத்தார்களே, அப்போது என் அப்பா வேலை பார்த்த இடமும் நின்றது. தீர்ப்பு நியாயமானது. கிணற்றுத் தண்ணீர் என்ன நிறத்தில் இருந்தது என்று நாம் இருவரும் பார்த்தவர்கள். ஆனால் ஆறு மாதம் வீட்டில் சம்பளம் இல்லை. நாங்கள் உங்கள் பின்கட்டில் பதினைந்தாயிரம் போக்கியத்துக்கு இருந்தோம். அப்பா அதைத் திருப்பிக் கேட்டார். உன் அப்பா எட்டு மாதம் இழுத்தார். தங்கையின் கல்யாணம் தை போய் ஆவணியில் நடந்தது அதனால்தான். ஜாதகத்தில் ஏதோ என்று உன்னிடம் சொன்னேன். அந்தக் கல்யாணத்தில் பந்தி பரிமாறியது நீ.

உன் அப்பாமேல் எனக்குக் கோபம் இல்லை, அல்லது மிகக் கொஞ்சம்தான். அவரிடம் பணம் இல்லை. எங்கள் பதினைந்தாயிரத்தைக் கடைக்கூரைக்குப் போட்டிருந்தார். போக்கியப் பணத்தை வாங்கியவன் பெட்டியில் வைத்திருப்பதில்லை, அதுதான் அதன் இயல்பு. அவர்களுடைய நான்கு லட்சத்தை நீ மகளின் வளைகாப்புக்கும் கார் முன்பணத்துக்கும் செலவழித்தாய் என்று எனக்குத் தெரியும். முழுதாகக் கொடு என்று கேட்கவில்லை. வைப்புநிதியில் இருப்பதிலிருந்து இரண்டு லட்சம் இப்போது கொடு. மிச்சத்துக்கு ஆனிவரை தவணை. வீடு காலியானதும் மாத வாடகைக்கு விடுகிறேன், ஆறாயிரம் வரும், ஆசிரியர் ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். விற்கும் பேச்சை இந்தத் தை போய் அடுத்த தைக்கு ஒத்திவை. இப்போது விற்றால் வாங்குகிறவரும் கடனில் வாங்குவார், ஒன்பது சதவீதம் முத்திரையும் பதிவுக் கட்டணமும் போக உன்னிடம் பேரம் பேசுவார்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அவர்கள் என் வீட்டுக்கு வருகிறார்கள். அதற்குள் போன் செய். நீ சரி என்றால் பழைய ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் வரவு எழுதி, இருவர் சாட்சியோடு கையெழுத்து வாங்கி உனக்குப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். எழுத்துக்கூலி வேண்டாம். தபால் செலவு மட்டும் உன்னுடையது, மாவட்டத்தின் பெயரைச் சரியாக எழுதும் வரைக்கும்.

அன்புடன்,
பழனி