கிட்டார் எங்கேயும் போய்விடவில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆர்க்டிக் மங்கீஸ் என்ற ஆங்கிலேய ராக் இசைக் குழுவின் 'தி கார்' ஆல்பம் பற்றி உங்கள் இதழில் வந்த விமர்சனத்தைப் படித்தேன். கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு வயலின்களுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்கள், பழைய வேகம் போய்விட்டது என்பதுதான் அதன் சாரம். எழுதியவருக்கு இந்தக் குழுவின் மேல் உள்ள பிரியம் வரிக்கு வரி தெரிகிறது. ஆனாலும் அவர் தீர்ப்பை என்னால் ஏற்க முடியவில்லை.

அவர் ஏங்கும் அந்த வேகம் எது என்று எனக்கும் தெரியும். 2006இல் வந்த முதல் ஆல்பம். அவர்களுடைய சொந்த ஊரான ஷெஃபீல்டின் இரவுகள், கிளப் வாசலில் தடுத்து நிறுத்தும் காவலாள், வீடு திரும்ப டாக்ஸி கிடைக்காத கூட்டம் எல்லாம் மூச்சுவிடாமல் கொட்டும் பாட்டுகள். கச்சேரிக்கு வந்தவர்களுக்கு இலவசமாகக் கொடுத்த சிடிக்கள் இணையத்தில் கைமாறிப் பரவி, ஆல்பம் கடைக்கு வந்தபோது பிரிட்டனில் முதல் வாரத்திலேயே 3,60,000 பிரதிகளுக்கு மேல் விற்றது. அப்போது பாடகர் அலெக்ஸ் டர்னருக்கு வயது 20.

2018இல் வந்த ஆல்பத்தில் திடீரென்று பாதை மாறினார்கள் என்கிறது விமர்சனம். அங்கேதான் எனக்கு மறுப்பு. 2008இலேயே டர்னர், நண்பர் மைல்ஸ் கேனுடன் சேர்ந்து 'தி லாஸ்ட் ஷேடோ பப்பெட்ஸ்' என்ற பெயரில் ஒரு முழு ஆர்கெஸ்ட்ராவை வைத்து ஆல்பம் செய்துவிட்டார். அடுத்த ஆண்டு ஆர்க்டிக் மங்கீஸின் 'ஹம்பக்'. அமெரிக்க ராக் இசைக்கலைஞர் ஜாஷ் ஹோமியோடு கலிஃபோர்னியாவின் ஜோஷுவா ட்ரீ பாலைவனப் பக்கம் போய்ப் பதிவு செய்தார்கள். தாளம் தளர்ந்தது, ஒலி கனத்து இருண்டது. அன்றைக்கும் ரசிகர்களில் ஒரு பகுதி முகம் சுளித்தது. 2013இன் 'ஏஎம்' ஆல்பத்தில் ஹிப்ஹாப் சாயலில் நிதானமாக விழும் டிரம்ஸ். உலகமே கொண்டாடியதால் அது ஒரு மாற்றம் என்பதையே நாம் மறந்துவிட்டோம்.

2018 ஆல்பத்தில் நடந்தது வேறு வகை, அதையும் சொல்லிவிடுகிறேன். டர்னருக்கு 30ஆவது பிறந்தநாளுக்கு ஒரு ஸ்டெயின்வே பியானோ பரிசாக வந்தது. பாட்டுகளை அதில் உட்கார்ந்து எழுதினார். ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் சின்னக் கிட்டார் துணுக்கு; அதில் பிறக்கும் பாட்டு அதைச் சுற்றியே வரும், வரிகளும் அதற்கேற்பக் குட்டையாக வெட்டுப்படும். பியானோவில் ஒரு கார்டிலிருந்து (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டு) இன்னொன்றுக்கு நழுவும்போது மெட்டு நீள்கிறது, வரி எங்கே போய் முடியும் என்று ஊகிக்க முடியவில்லை. கிட்டாரும் பியானோவும் கொஞ்சம் வாசித்துப் பழகியவர்கள் இதைத் தங்கள் விரலிலேயே உணர்ந்திருப்பார்கள்.

2022 அக்டோபரில் வந்த 'தி கார்' இந்த எல்லாப் பாதைகளும் சேரும் இடம். முதல் பாட்டில் முக்கால் நிமிடத்துக்கு மேல் குரலே இல்லை. பியானோ தனியாக நடக்கிறது, வயலின்கள் மெதுவாக வந்து சேர்கின்றன, அதற்கப்புறம்தான் டர்னர் வாயைத் திறக்கிறார். அதுவும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் பேசுகிற குரலில். முதல் தடவை கேட்டபோது நானும் பாதியில் நிறுத்திவிட்டேன். ஒரு வாரம் கழித்து, இரவில், ஹெட்ஃபோனில் மறுபடி கேட்டேன். இந்த முறை டிரம்ஸை மட்டும் பின்தொடர்ந்தேன். 2007இல் இரண்டாவது ஆல்பத்தின் முதல் பாட்டில் இடியாய் இறங்கிய அதே டிரம்மர் மேட் ஹெல்டர்ஸ்தான் இங்கே அடிக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக் குச்சியை வைப்பதுபோல வாசிக்கிறார். வேகமாக அடிப்பதைவிட இப்படி அடக்கி வாசிப்பது கஷ்டம். அதைப் பற்றி விமர்சனத்தில் ஒரு வரிகூட இல்லை.

கிட்டாருக்கு வருவோம். 'பாடி பெயிண்ட்' பாட்டைக் கடைசிவரை கேளுங்கள். மெல்லிய கள்ளக்குரலில் தொடங்கி, வயலின்கள் பொங்கி, இனி முடிந்தது என்று நினைக்கும்போது கிட்டார் கரகரவென்று உள்ளே நுழைந்து பாட்டையே தன் கையில் எடுத்துக்கொள்கிறது. அதுவரை காக்க வைத்ததால்தான் அந்த நுழைவுக்கு அத்தனை பலம். ஆல்பத்தின் இரண்டாவது பாட்டில் முழுக்க வா-வா பெடல் கிட்டார், காலால் மிதித்து ஒலியை 'வா வா' என்று நெளியவைக்கும் கருவியோடு. இதையெல்லாம் கேட்டபின்னும் கிட்டார் இல்லை என்று எப்படி எழுத முடிந்தது?

குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. நடுவில் இரண்டு மூன்று பாட்டுகள் ஒரே நடையில் போவதால் எது எங்கே முடிந்தது என்று பிடிபடவில்லை. வரிகளில் சில இடங்கள் எனக்கு இன்னும் திறக்கவில்லை. விமர்சனம் இவற்றைப் பேசியிருந்தால் ஒத்துப்போயிருப்பேன். பழையதையே செய்தால் அரைத்த மாவு, புதிதாகச் செய்தால் பாதை தவறியவர்கள் என்றால் ஒரு குழு என்னதான் செய்யும்? 20 வயதில் டாக்ஸி வரிசையில் நின்று எழுதியவர் 36 வயதிலும் அங்கேயே நிற்பதுபோல் நடித்தால் அதைத்தான் நான் ஏமாற்று என்பேன்.

இன்னொன்று. காலியான மொட்டைமாடி வாகன நிறுத்தத்தில் ஒற்றைக் கார் நிற்கும் அட்டைப் படத்தை விமர்சனம் மிகவும் பாராட்டியிருந்தது. அதை எடுத்தவர் டிரம்மர் ஹெல்டர்ஸ். அடுத்த இதழில் அவர் பெயரையாவது போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர் ஒருவர்