கோத்தகிரி நடைக்குத் துணை நின்றவர்களுக்கு நன்றி

அன்புள்ள அனைவருக்கும் வணக்கம்.

அரையாண்டு விடுமுறையில் எங்கள் பள்ளிப் பிள்ளைகள் கோத்தகிரி மலைக்கு இயற்கை நடை போய்விட்டு நல்லபடியாக ஊர் திரும்பினார்கள். வடுவூர் ஏரியைச் சுற்றியுள்ள கிராமங்களில் வளர்ந்த பிள்ளைகள். உயரம் என்றால் அவர்களுக்கு ஆற்றங்கரையும் மன்னார்குடி ராஜகோபால சுவாமி கோயில் கோபுரமும்தான். அவர்களை 1,800 மீட்டர் உயரத்துக்குக் கூட்டிப்போய்ப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்தது நான் ஒருத்தி செய்த வேலை இல்லை. உதவியவர்களுக்கு எல்லோரும் அறிய நன்றி சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் பெயர்களை விட்டிருக்கிறேன். படிக்கும்போது அவரவருக்குத் தெரியும்.

முதலில் பெற்றோர்கள். சம்பா கதிர் முற்றுகிற நேரம், வீட்டில் ஒரு கை குறைந்தாலும் சிரமம். "கோடையில போகலாமே டீச்சர்" என்று சிலர் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனால் கோடையில் அங்கே கூட்டம்தான் இருக்கும். நம் ஏரிக்கு வலசைப் பறவைகள் வரும் அதே மாதங்களில்தான் மலைக்கும் வருகின்றன, அதைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்கட்டும் என்றேன். ஒப்புக்கொண்டு அனுப்பினீர்கள்.

ஸ்வெட்டர் யாரிடமும் இல்லை. எங்கள் பள்ளியில் படித்து இப்போது திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வேலை பார்க்கும் தம்பிகள் காதில் விஷயம் விழுந்தது. அளவு கேட்டார்கள், அடுத்த வாரமே மூட்டை வந்து இறங்கிவிட்டது. நீலகிரிக்கு பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் கொண்டுபோகக் கூடாது என்று தெரிந்ததும், மன்னார்குடிப் பாத்திரக்கடை அண்ணன் எவர்சில்வர் பாட்டில்களை அடக்க விலைக்கே கொடுத்தார். செம்மொழி எக்ஸ்பிரஸில் கோயம்புத்தூர் போய், வேனில் மலை ஏறினோம். கொண்டை ஊசி வளைவுகளில் பிள்ளைகள் வாந்தி எடுத்தபோது ஓட்டுநர் முகம் சுளிக்கவில்லை. எலுமிச்சம்பழம் நறுக்கித் தயாராக வைத்திருந்தார். அப்புறம், இரவில் ஒரு பையனுக்கு இளைப்பு வந்தபோது கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஓடிவந்து விடியும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓய்வுபெற்ற செவிலியர் அம்மாவுக்கு என்ன சொல்வது! தங்க இடம் தந்து, குளிக்க வெந்நீரும் சுடச்சுட அவரைக் குழம்பும் கொடுத்த ஹட்டித் (படுகர் ஊர்) தாய்மாருக்கும் எங்கள் வணக்கம்.

லாங்வுட் சோலைக்குள் எங்களை நடத்திப்போன வனத்துறைக் காவலரையும், அந்தச் சோலையைப் பல வருடமாகக் காத்துவரும் உள்ளூர்த் தன்னார்வலர்களையும் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கோத்தகிரி ஊரை ஒட்டிய 116 ஹெக்டேர் காடு அது. சுற்றியுள்ள கிராமங்களுக்குக் குடிநீர் தருவது. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2024-இல் சேர்ந்தது. எங்கள் வடுவூர் ஏரி 2022-லேயே சேர்ந்துவிட்டது, பரப்பும் கிட்டத்தட்ட அதே அளவுதான் என்று பிள்ளைகள் சொன்னதும் அவர்கள் முகத்தில் வந்த மகிழ்ச்சி எனக்கு மறக்காது.

வெளியே நல்ல வெயில். உள்ளே போனால் அந்திப்பொழுதின் வெளிச்சம்தான். மரத்தண்டு முழுக்கப் பாசி, அதன்மேல் பெரணி. ஆரஞ்சு நிறத்தில் ஒரு குட்டி ஈப்பிடிப்பான், தலையும் இறக்கையும் மட்டும் கருப்பு. தென்னிந்திய மலைகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத பறவை அது. ஓடைக்கல்லில் வாலை ஆட்டிக்கொண்டிருந்த வாலாட்டிக் குருவியோ இமயமலைப் பக்கமிருந்து குளிருக்கு வந்தது. தன்னார்வலர்களில் மூத்தவரான ஓர் அய்யா குனிந்து, மக்கிய இலைக்குப்பையை ஒரு கை அள்ளிப் பிழிந்தார். விரலிடுக்கில் தண்ணீர் சொட்டியது. மழை விட்டு நாளாகியும் ஓடையில் நீர் ஓடுவது எப்படி என்று அதற்குமேல் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"இந்தத் தண்ணி எங்க வாய்க்காலுக்கு வருமா அய்யா?" என்று ஒருவன் கேட்டான். வரும் என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். அவர் குந்தி உட்கார்ந்து, ஈரமண்ணில் குச்சியால் கோடு போட ஆரம்பித்தார். இந்த மலையில் விழும் நீர் மாயாற்றிலோ பவானியிலோ சேரும், மாயாறும் பவானிசாகரில் பவானியோடு கலந்துவிடும். அங்கே கீழ்பவானி வாய்க்கால் தன் பங்கை எடுத்துக்கொள்ளும், ஆற்றில் விடுவதுதான் கூடுதுறையில் காவிரியைத் தொடும் என்று மறைக்காமல் சொன்னார். முக்கொம்பு, கல்லணை வரை வந்து குச்சியை நிறுத்தினார். "இதுக்கு மேல எனக்குத் தெரியாது தம்பி, நீ போடு."

அந்தப் பையனின் அப்பா மதகு திறந்து மூடும் லஸ்கர். அவன் குச்சியை வாங்கி, கல்லணையில் வெண்ணாற்றைப் பிரித்தான். நீடாமங்கலம் பக்கம், ஆறு மூன்றாகப் பிரியும் மூணாறு தலைப்பில் பாமணியாற்றையும் கோரையாற்றையும் பிரித்தான். எந்த மதகில் எப்போது முறை வைப்பார்கள் என்றுகூடச் சொன்னான். மலையில் பிறந்து வளர்ந்த பெரியவர்கள் எல்லாம் குனிந்து நின்று கேட்டார்கள். வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை அவன். அய்யா, பாதிக் கோட்டில் நிறுத்தி அவன் கையில் குச்சியைக் கொடுத்தீர்களே, அதற்காகத்தான் முக்கியமாக இந்த மடல்.

கோத்தகிரி உறவுகளே, மாசி முடிவதற்குள் ஒருமுறை வடுவூருக்கு வாருங்கள். பறவைகள் அதுவரை ஏரியில் இருக்கும், தங்குவதற்கு எங்கள் வீடுகள் இருக்கின்றன. மூணாறு தலைப்பைக் காட்டும் பொறுப்பை அந்தப் பையனே ஏற்றுக்கொண்டிருக்கிறான்.

திருப்பூர்த் தம்பிகளுக்கு ஒரு செய்தி: ஸ்வெட்டர்களைத் துவைத்து மடித்துப் பள்ளி பீரோவில் வைத்திருக்கிறோம். நம் டெல்டாவில் வேறு எந்தப் பள்ளி குளிர்காலத்தில் மலைக்குக் கிளம்பினாலும் வந்து வாங்கிப்போகலாம்.

இப்படிக்கு,
அன்புடன்,
பிள்ளைகள் சார்பில் அவர்களின் அறிவியல் ஆசிரியை