பரம்பரை வருத்தம் என்று மருந்தை நிறுத்தாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சாதகம் பொருந்தி, நாளும் பார்த்த ஒரு கலியாணம் எங்கள் ஒழுங்கையில் போன மாதம் நின்றுபோனது. பெண்ணின் தாய்க்கு முட்டு வருத்தமாம், அதாவது ஆஸ்துமாவாம், பிள்ளைகளுக்கும் வருமாம். அந்தப் பெண்ணுக்கு ஒரு நாளும் இழுப்பு வந்ததில்லை.

என் மகனுக்கு முட்டு இருக்கிறது. இரண்டு வயதில், மாரி மழைக்குள் உப்புவெளியிலிருந்து நடுச்சாமத்தில் ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறோம். அம்மம்மாவுக்கு இருந்தது, பேரனுக்கும் வந்துவிட்டது, என்ன செய்வது என்றார்கள் வீட்டில். நானும் அதை நம்பி, இழுப்பு விட்டவுடன் தினமும் எடுக்கச் சொன்ன பிறவுண் பம்பை (வாயால் உள்ளிழுக்கும் மருந்து) நிறுத்திவிடுவேன். மூன்று தடவை நிறுத்தினேன், மூன்று தடவையும் வாட்டில் படுத்தோம்.

பரம்பரைக்குப் பங்கு உண்டுதான். ஆனால் எப்படிப்பட்ட பங்கு என்பது நம் வீடுகளுக்கு இன்னும் வந்து சேரவில்லை. சிறுவயதில் ஆஸ்துமா வந்த 994 பேரையும் வராத 1,243 பேரையும் ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2007இல் வெளியானது. மரபணுக்களைத் தாங்கும் நிறமூர்த்தங்களில் 17ஆவதில் ஓரிடத்தில் இருக்கும் சின்னச் சின்ன வேறுபாடுகள் ஆஸ்துமாவோடு சேர்ந்து வருவதை அதில் கண்டார்கள். ஓ.ஆர்.எம்.டி.எல்.3 என்ற மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்பதும் அந்த வேறுபாடுகளைப் பொறுத்து மாறியது. மரபணு ஒரு தண்ணீர்க் குழாய் என்றால், குழாய் உடையவில்லை, திருகு கொஞ்சம் கூடத் திறந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வருடம் பிரான்சுக் குடும்பங்களில் பார்த்தபோது, அதே இடத்து வேறுபாட்டால் வரும் ஆபத்து சின்ன வயதில் தொடங்கும் ஆஸ்துமாவில்தான் தெரிந்தது, அதுவும் குழந்தைப் பருவத்தில் சிகரெட் புகைக்குள் வளர்ந்தவர்களிடம் இன்னும் கூடுதலாக. கைக்குழந்தை படுத்திருக்கும் அறையில் சிகரெட் பற்றவைக்கும் தகப்பன்மாரும் மாமன்மாரும் தயவுசெய்து இதை இரண்டு தரம் வாசியுங்கள்.

அப்புறம் அந்த பிறவுண் பம்ப். அதில் இருக்கும் பெக்லோமெதசோன் என்ற மருந்து மூச்சுக்குழாய்க் கலங்களுக்குள் போய், அங்கே ஒரு புரதத்தோடு சேர்ந்து கலத்தின் கருவுக்குள் நுழைந்து, அழற்சியை, அதாவது மூச்சுக்குழாய் வீக்கத்தைக் கிளப்பும் மரபணுக்களை அடக்குகிறது. அந்த மரபணுக்களின் திருகை இறுக்கும் வேலை அதுதான். மரபணுவில் எழுதியிருப்பது மாறாது, பரம்பரை மாறாது, ஆனால் வீக்கம் அடங்கும். அது முழுதாக அடங்க நாட்கள், சிலருக்குக் கிழமைகள் எடுக்கும், மருந்தை விட்டால் திரும்பவும் கிளம்பும். இழுப்பு வரும்போது எடுக்கும் நீலப் பம்ப் மூச்சுக்குழாயைச் சுற்றி இறுகிய தசையைத் தளர்த்தி மூச்சு விட வைக்கும், அவ்வளவுதான், வீக்கத்தை அது தொடாது. இதை ஒரு கிளினிக் தாதி பத்து நிமிடம் உட்கார்ந்து எனக்குச் சொல்லித் தந்த பிறகு நான் மருந்தை நிறுத்தவில்லை. இரண்டு மாரி போய்விட்டது, மகன் ஒரு இரவுகூட வாட்டில் படுக்கவில்லை.

உங்கள் மருத்துவப் பக்கத்தில் ஆஸ்துமா பற்றி எழுதும்போது "பரம்பரை நோய்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடாதீர்கள். வாடைக்காற்று தொடங்குமுன், இரண்டு பம்புக்கும் என்ன வித்தியாசம், எதை எப்போது எடுப்பது, டொக்டரைக் கேட்காமல் ஏன் நிறுத்தக்கூடாது என்று படத்தோடு அரைப்பக்கம் போடுங்கள். மூதூரிலும் கிண்ணியாவிலும் தம்பலகாமத்திலும் இருக்கும் தாய்மார் வெட்டி எடுத்துச் சுவரில் ஒட்டிவைப்பார்கள்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
உப்புவெளி, திருகோணமலை