செயலவையினரே, கன்று பாலிபேக்கில் இருக்கும்போதே கவனியுங்கள்

பினாங்கில் ஆண்டுதோறும் மரம் நடும் நம் சங்கங்களின் செயலவையினருக்கு,

வணக்கம். போன வருடம் நட்ட கன்றுகளில் காய்ந்துபோன ஒன்றை, காலையில் நடக்கப் போன வழியில் பிடுங்கிப் பார்த்தேன் (கோபிக்காதீர்கள், அது எப்படியும் செத்ததுதான்). நட்டு நாலு மாதமாகியும் வேர் பாலிபேக்கின் வடிவத்திலேயே சுருண்டு கிடந்தது, சுற்றியிருந்த செம்மண்ணுக்குள் ஒரு இழைகூட இறங்கவில்லை. பாதிக் குற்றம் பையினுடையது, ரொம்ப நாள் பையிலேயே கிடந்தால் வேர் சுருளத்தான் செய்யும். மீதிப் பாதி, வேருக்கு உதவும் நுண்ணுயிர்கள் மண்ணில் இல்லாதது, அதற்காகத்தான் இந்த மடல்.

நம்ம ஊர்ச் செம்மண் புளிப்பு மண். அதில் பாஸ்பரஸ் இருந்தாலும் இரும்பும் அலுமினியமும் பிடித்து வைத்துக்கொள்ளும், இளங்கன்றுக்குச் சுலபத்தில் கிடைக்காது. காட்டில் இதற்கென்றே வேர்ப்பூஞ்சைகள் இருக்கின்றன. அவை வேரோடு ஒட்டி வாழ்ந்து, வேர் நுழைய முடியாத இடுக்கெல்லாம் தலைமுடியைவிட மெல்லிய இழைகளை அனுப்பி பாஸ்பரஸை இழுத்து வரும், கூலியாக மரத்திடம் சர்க்கரை வாங்கிக்கொள்ளும். மேல்மண்ணை வழித்தெடுத்துவிட்டு மண் கொட்டி மேடாக்கிய தாமான் குடியிருப்பு ஓரத்திலும், தேங்காய் நார்த்தூள் நிரப்பிய பையிலும் அவை அவ்வளவாக இருக்காது. நாம்தான் போடவேண்டும்.

அதுவும் டி-சட்டை போட்டுப் படம் பிடிக்கும் நாளில் அல்ல, நாற்றைப் பைக்கு மாற்றும்போதே. இந்த வேர்ப்பூஞ்சை கலந்து ‘வேம்’ என்று விற்கிற தூளில் ஒரு கரண்டி, வேர் தொடும் இடத்தில். மண்ணுக்கு மேலே தூவினால் பெரும்பாலும் வீண்தான், உயிருள்ள வேரைத் தொடாமல் அந்தப் பூஞ்சை வளராது, தூள் தயாரிப்பவர்களே அதைச் சோளம் மாதிரிப் பயிரின் வேரில்தான் பெருக்குகிறார்கள். அப்புறம், கை நிறைய அள்ளிப் போடும் பாஸ்பேட் உரத்தைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள். மரத்துக்குப் பாஸ்பேட் தாராளமாகக் கிடைத்தால் பூஞ்சையை வேருக்குள் அண்ட விடாது. பூஞ்சைக்கொல்லியை ஊற்றிவிட்டு இந்தத் தூளைப் போடுவது பற்றி நான் சொல்லவே வேண்டாம்.

ஒரே தூள் எல்லா மரத்துக்கும் ஆகாது. மெரந்தி என்ற காட்டு மர வகைகளுக்கு வேறு பூஞ்சை, அது வேர் நுனியை உறைபோல் மூடும், உற்றுப் பார்த்தால் கண்ணுக்கே தெரியும். கடையில் விற்கும் வேம் அதற்கு உதவாது. அதற்காகப் பினாங்கு மலையில் போய் மண் அள்ளாதீர்கள், கெப்போங்கில் இருக்கும் வன ஆய்வுக் கழகத்தில் கேளுங்கள்.

பூஞ்சை போலவே வேரில் முடிச்சுக்குள் வாழ்ந்து மரத்துக்கு உதவும் பாக்டீரியாவும் உண்டு, அந்த விஷயம் இன்னும் சுலபம். அங்சானா பயறு குடும்பத்து மரம். வயதான அங்சானா ஒன்றின் அடிமண்ணை ஒரு பிடி கலந்து, எங்கள் சமையலறைக்குப் பின்னால் நாலைந்து பைக்கன்று வளர்த்தேன். ஒன்றை உருவிப் பார்த்தால் வேரில் மிளகு அளவு முடிச்சுகள். நகத்தால் கிள்ளினேன், உள்ளே நல்ல இளஞ்சிவப்பு. அந்த நிறம் இருந்தால் பாக்டீரியா காற்றிலிருந்து நைட்ரஜன் பிடித்துக் கொடுக்கிறது, உள்ளே வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் சும்மா உட்கார்ந்திருக்கிறது. பத்து பெரிங்கி கடற்கரைச் சவுக்கு மரத்துக்கு இதே வேலையை ஃபிராங்கியா என்ற வேறு பாக்டீரியா செய்யும்.

என் பேச்சை அப்படியே நம்ப வேண்டாம். அடுத்த முறை 200 கன்று வாங்கினால் 100க்கு மட்டும் தூள் போட்டுச் சிவப்பு நூல் கட்டுங்கள், மற்றதை வழக்கம்போல விடுங்கள். தூள் என் செலவு. ஆறு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அளவுநாடாவோடு வருகிறேன், நீங்களும் வாருங்கள், சேர்ந்தே அளப்போம்.

அன்புடன்,
ஆயர் ஈத்தாமிலிருந்து ஒரு நாற்றுக்காரன்