அந்த டெண்டரை வெட்ட விடாதே

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, பேப்பரில் பொடி எழுத்தைக்கூடத் தடுமாறாமல் படிக்கிறாய் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்த பிறகுதான் எனக்கு நிம்மதி. இங்கே எல்லோரும் சௌக்கியம். எனக்கு முழங்கால் வலி மட்டும் விட்டு விட்டு வருகிறது. பேத்தி கல்லூரியில் மெக்கானிக்கல் பிரிவில் சேர்ந்திருக்கிறாள். என் அலமாரியில் இருக்கும் பழைய வரைபடங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து ஓயாமல் கேள்வி கேட்கிறாள். பதில் சொல்ல ஆள் கிடைத்ததில் எனக்கும் சந்தோஷம்தான்.

சரி, நீ எழுதிய விஷயத்துக்கு வருகிறேன். பழைய நீராவி என்ஜின்களைக் காப்பாற்றும் உங்கள் யார்டின் கோடியில் என்ஜின் இல்லாமல் ஒரு டெண்டர், அதாவது நீராவி என்ஜினுக்குப் பின்னால் கரியும் தண்ணீரும் சுமந்து ஓடும் வண்டி, நிற்கிறது, அதை வெட்டி இரும்பு விலைக்குப் போட்டால் பாய்லர் வேலைக்குக் கொஞ்சம் பணம் சேரும் என்று குழுவில் பேச்சு வந்திருக்கிறது, நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்டிருந்தாய். படித்த இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. வேண்டாம், வெட்டவே வேண்டாம் என்பதுதான் என் பதில். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். கூட்டத்தில் வாசித்துக் காட்டினாலும் சரி.

பார்க்க வருகிறவர்கள் கண்ணெல்லாம் என்ஜின் மேல்தான். பெரிய சக்கரம், புகைபோக்கி, விசில். பின்னால் இருப்பது கரி ஏற்றிய ஏதோ ஒரு பெட்டி என்று கடந்துபோய்விடுவார்கள். ஆனால் டெண்டர் இல்லாமல் அந்த என்ஜின் ஷெட்டைத் தாண்டி எவ்வளவு தூரம் போகும்? ஒரு பெரிய எக்ஸ்பிரஸ் என்ஜின் கிலோமீட்டருக்குச் சுமார் 100 லிட்டர் தண்ணீர் குடிக்கும். கரியைவிடத் தண்ணீர்தான் முதலில் தீரும். பிரிட்டனின் பெரிய டெண்டர்கள் 5,000 கேலன், அதாவது 22,700 லிட்டர் சுமந்தன. அதை வைத்துக்கொண்டு 200 கிலோமீட்டர் போவதே பெரிய காரியம். அதனால்தான் ஆங்கிலேய ரயில் பொறியாளர் ஜான் ராம்ஸ்பாட்டம் 1860-இல் வேல்ஸில் மோக்டிரே என்ற இடத்தில் தண்டவாளத்துக்கு நடுவே நீளமான தண்ணீர்த் தொட்டியைக் கட்டினார். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே டெண்டரின் அடியிலிருந்து ஒரு அகப்பையை இறக்கினால், வேகத்தின் விசையிலேயே தண்ணீர் குழாய் வழியாக ஏறி டேங்கில் கொட்டும். அத்தனை கெட்டிக்கார வேலையும் டெண்டருக்குள்தான் இருந்தது.

1928 மே 1-ஆம் தேதி லண்டனிலிருந்து எடின்பரோவுக்கு ஃபிளையிங் ஸ்காட்ஸ்மன் வண்டி வழியில் எங்கும் நிற்காமல் 630 கிலோமீட்டர் போனது உனக்குத் தெரியும். பயணம் எட்டு மணி நேரத்துக்கு மேல்; அவ்வளவு நேரமும் ஒரே ஆட்கள் கரி அள்ள முடியாது. அதற்காக அந்த ரயில்வேயின் தலைமை இயந்திரப் பொறியாளர் கிரெஸ்லி டெண்டரின் ஒரு பக்கமாகவே நடைவழி வைத்தார். அகலம் 45 சென்டிமீட்டர், உயரம் ஒன்றரை மீட்டர். முதுகை வளைத்துக்கொண்டு, தோளைக் குறுக்கிக்கொண்டு, ஆடுகிற வண்டியில் அந்த இருட்டு வழியாக நடந்து வந்துதான் அடுத்த டிரைவரும் கரி அள்ளிப் போடும் ஃபயர்மேனும் பாதி வழியில் பொறுப்பேற்றார்கள். அந்த ஓட்டத்தின் பெருமையில் பாதி டெண்டருக்குப் போகவேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

டெண்டர்கள் ஏன் இப்படி ஒற்றையாய் நின்றுபோகின்றன என்று கேட்டிருந்தாய். ஆரம்பத்திலிருந்தே அவற்றின் பிழைப்பு அப்படித்தான். ஒர்க்‌ஷாப்புக்கு வண்டி வந்தால் பாய்லர் வேலை முடிய மாதக்கணக்கில் ஆகும். டெண்டர் வேலை சீக்கிரம் முடிந்துவிடும். அதை ஏன் சும்மா நிறுத்த வேண்டும் என்று, தயாராக நிற்கும் வேறொரு என்ஜினுக்கு மாட்டி அனுப்பிவிடுவார்கள். முக்கியமாக பிரிட்டனில் ஒரு டெண்டர் தன் ஆயுளில் பல என்ஜின்களோடு ஓடியிருக்கும். ஆகவே உங்கள் டெண்டரை அனாதை என்று யாராவது சொன்னால், அதற்கு ஒரு என்ஜின் மட்டுமா சொந்தம் என்று நீ கேட்கலாம்.

நீராவிக் காலம் முடிந்தபோது என்ஜின்கள் வெட்டுக்குப் போயின. டெண்டர்களில் ஒரு பங்கு தப்பியது. காரணம் ரொம்பச் சாதாரணம்: உறுதியான ஃபிரேம், நல்ல சக்கரங்கள், மேலே ஒரு பெரிய டேங்க், ஓட்டுவதற்கு பாய்லர் பரிசோதனை எதுவும் தேவையில்லை. தண்டவாளத்தில் முளைக்கும் களைக்கு மருந்தடிக்கும் வண்டிகளுக்குத் தண்ணீர் சுமந்தன. தண்ணீரைச் சுத்திகரிக்கும் நிலையங்களிலிருந்து சேறு அள்ளின. பிரிட்டனில் சில டெண்டர்களின் மேல்கூட்டை எடுத்துவிட்டு, அதே ஃபிரேமில் கூர்மூக்கு வைத்துப் பனி தள்ளும் வண்டிகளாக மாற்றினார்கள். அமெரிக்காவில் சுழலும் விசிறி வைத்த பனி அகற்றும் வண்டிகளுக்குப் பின்னால் டெண்டர்கள் ஓடின. ஜெர்மனியில் 50-ஆம் வகை என்ஜின்கள் ஓடிக்கொண்டிருந்த காலத்திலேயே, பல டெண்டர்களில் கரி அறையைச் சுருக்கி கார்டுக்கு ஒரு சின்ன அறை கட்டினார்கள். அதனால் சரக்கு வண்டிக்குத் தனியாக கார்டு வேன் மாட்டவேண்டிய வேலை மிச்சமானது. அந்த அறை வைத்த டெண்டர்களில் சில இன்றும் இருக்கின்றன.

வேல்ஸில் பாரி என்ற ஊரில் இருந்த பழைய இரும்பு யார்டு பற்றி நாம் பல தடவை பேசியிருக்கிறோம். அங்கே போய்ச் சேர்ந்த 297 என்ஜின்களில் 213 காப்பாற்றப்பட்டன. உலகத்தில் வேறெங்கும் இப்படி நடந்ததில்லை. ஆனால் அந்தக் கதையைச் சொல்கிறவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். என்ஜின்கள் வருடக்கணக்கில் துருப்பிடித்து நின்ற காலத்தில், அவற்றின் டெண்டர்களில் பலவற்றை இரும்பாலைகள் வாங்கிக்கொண்டு போயின. மேல்பகுதியை அறுத்துப் போட்டுவிட்டு, வார்த்த இரும்புக் கட்டிகளைச் சுமக்க ஃபிரேமை வைத்துக்கொண்டன. பிறகு ஆர்வலர்கள் காசு சேர்த்து என்ஜினை வாங்க வந்தபோது பின்னால் டெண்டர் இல்லை. சில குழுக்கள் என்ஜினை முடிக்கும் தறுவாயில், டெண்டரை அடியிலிருந்து புதிதாகக் கட்ட வேண்டியதாயிற்று. உங்கள் குழுவில் இரும்பு விலை பேசுகிறவருக்கு முதலில் இதைத்தான் சொல்லவேண்டும். இன்று வெட்டினால் வருகிற பணம், நாளைக்கு ஒரு டெண்டர் கட்டுவதற்கு ஆகும் செலவில் ஒரு மூலைக்குக்கூடக் காணாது.

என்ஜின் வகையே அழிந்து, டெண்டர் மட்டும் மிஞ்சிய இடங்களும் உண்டு. அமெரிக்காவின் நியூயார்க் சென்ட்ரல் ரயில்வேயின் ஹட்சன் வகையை எடுத்துக்கொள். 275 என்ஜின்கள். ஒன்றுகூட இன்று இல்லை. 5313 என்ற எண் கொண்ட ஹட்சனின் டெண்டர் மட்டும் பென்சில்வேனியாவில் ஸ்கிராண்டன் நகரின் ஸ்டீம்டவுன் ரயில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்த வகையைத் தொட்டுப் பார்க்க ஆசைப்படுகிறவனுக்கு அதுதான் இருக்கிறது. அதேபோல பென்சில்வேனியா ரயில்ரோட்டின் டி1 வகை 52-உம் இரும்புக்குப் போய்விட்டன. இப்போது 5550 என்ற எண்ணில் ஒரு டி1-ஐப் புதிதாகக் கட்டுகிறார்கள். அதற்காக, அதே ரயில்வேயின் வேறொரு வகை என்ஜினோடு ஓடிய நெடுந்தூர டெண்டர் ஒன்று தப்பியிருந்ததைத் தேடிப் பிடித்து 2017-இல் வாங்கினார்கள். அதைக் காத்து வைத்திருந்தவர்களுக்கு இப்படி ஒரு நாள் வரும் என்று தெரிந்திருக்க நியாயமில்லை. இருந்தும் வெட்டாமல் வைத்திருந்தார்கள். அவர்களைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

தென் ஆப்பிரிக்காவின் 25-ஆம் வகையை நினைத்தால்தான் எனக்கு ஆற்றாமை. தண்ணீர் கிடைக்காத காரூ வறண்ட நிலத்துக்காக 1953-லிருந்து வந்த 90 என்ஜின்கள் அவை. சிலிண்டரிலிருந்து வெளியேறும் நீராவியைப் புகைபோக்கியில் விடாமல், குழாய் வழியாக டெண்டருக்குக் கொண்டுபோய், பெரிய விசிறிகளால் ரேடியேட்டர்களைக் குளிரவைத்து, திரும்பத் தண்ணீராக்கி பாய்லருக்கே அனுப்பினார்கள். தண்ணீர்ச் செலவில் 90 சதவீதம் வரை மிச்சம். டெண்டர் என்ஜினைவிட நீளம்! ஆனால் பராமரிப்பு பெரும்பாடாகிப் போனது. டீசலும் மின்சாரமும் வந்த பிறகு 1970-களில் ஒவ்வொன்றாக ரேடியேட்டர்களைக் கழற்றிவிட்டு, உருண்டையான சாதாரண டேங்க் வைத்து மாற்றினார்கள். 3511 என்ற ஒரே ஒரு என்ஜின்தான் மாற்றப்படாமல் விடப்பட்டது. 90-இல் ஒன்று. அதையும் அன்று ஒரு கணக்குப்பிள்ளை விட்டுவைக்காமல் போயிருந்தால், வறண்ட நிலத்துக்காக நீராவிப் பொறியாளர்கள் செய்த அந்தப் பெரிய முயற்சியை நாம் படத்தில்தான் பார்த்திருப்போம்.

இனி உங்கள் டெண்டரின் நிலைமை. அடித்தகடு முழுக்கப் போய்விட்டது, ஆகவே பிரயோஜனமில்லை என்று ஒருவர் சொன்னதாக எழுதியிருந்தாய். அது அப்படித்தான் இருக்கும், பயப்படாதே. பழுதுபார்க்கிறவர்களோடு ஒரு டெண்டரின் டேங்குக்குள் நானும் இறங்கியிருக்கிறேன். மேலே உள்ள மூடி வழியாக உடம்பை நுழைத்து இறங்கினால், குறுக்கும் நெடுக்குமாகத் தடுப்புத் தகடுகள். ஓடும்போது தண்ணீர் மொத்தமாக முன்னும் பின்னும் மோதாமல் இருக்கத்தான் அவை. ஒவ்வொரு தடுப்பின் ஓட்டை வழியாகவும் தவழ்ந்துதான் அடுத்த அறைக்குப் போகவேண்டும். மேல்பாதித் தகட்டைச் சுத்தியலால் தட்டினால் கணீர் என்றது. கீழே வர வர ஓசை மங்கிக்கொண்டே போய், அடிவரிசை ரிவெட்டுக்கு அருகில் சொத்தென்று விழுந்தது. இன்னும் ஒரு தட்டு தட்டியதும் துரு செதில் செதிலாக உதிர்ந்தது. விளக்கை அணைத்தபோது வெளிச்சம் புள்ளி புள்ளியாக உள்ளே வந்தது, தகடு சல்லடையாகியிருந்தது. கரிச்சரிவு இருக்கும் பக்கம் இன்னும் மோசம். ஈரக் கரியில் உள்ள கந்தகம் தண்ணீரோடு சேர்ந்து அமிலமாகி, வருடக்கணக்கில் அங்கேயே தேங்கித் தகட்டை வெளியிலிருந்தும் அரித்திருக்கிறது.

ஆனால் அதே டெண்டரின் ஃபிரேமும் சக்கரங்களும் கல்லுப் போல இருந்தன. அனுபவப்பட்டவர்கள் எல்லோரும் சொல்வதும் இதுதான்: டேங்க் என்பது போகப்போகிற பொருள், ஃபிரேமும் சக்கரமும், அச்சு முனையைத் தாங்கும் ஆக்சில்பாக்ஸும்தான் நிலைத்த சொத்து. ஓடிய காலத்திலேயே ஒர்க்‌ஷாப்பில் தகடுகளை மாற்றிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆகவே புதுத் தகடு போட்டால் பழைய டெண்டர் என்ற பெயர் போய்விடும் என்று யாராவது வாதாடினால் விட்டுக்கொடுக்காதே. வெல்டிங் செய்த டேங்கின்மேல் பெயருக்கு ரிவெட் தலைகளை ஒட்டும் வழக்கம் இருக்கிறதே, அது எனக்குப் பிடிக்காது. வெல்டிங் செய்திருந்தால் அப்படியே தெரியட்டும், புதுத் தகட்டில் வருடத்தைப் பொறித்துவிடுங்கள். அப்புறம், வெட்டியெடுத்த பழைய தகட்டில் ஒரு துண்டையாவது பத்திரப்படுத்துங்கள்.

தேவை இல்லையே என்கிற பேச்சுக்கும் பதில் இருக்கிறது. நெடுந்தூரம் ஓடுகிற பல என்ஜின்களுக்கு இன்றைக்கு ஒரு டெண்டர் போதவில்லை. வழியில் இருந்த தண்ணீர்க் கம்பங்களும் தண்டவாளத் தொட்டிகளும் போய்விட்டன. ஃபிளையிங் ஸ்காட்ஸ்மன் என்ற அதே பெயர் கொண்ட என்ஜினை வாங்கிய ஆலன் பெக்லர் இதை 1966-லேயே உணர்ந்து, இரண்டாவதாக ஒரு டெண்டரை வாங்கித் தண்ணீர் மட்டும் சுமக்கும்படி மாற்றினார். பிரிட்டனில் 2008-இல் கட்டி முடிந்த டொர்னேடோ என்ற புது நீராவி என்ஜினுக்கு டெண்டர் கட்டியபோது, தேவைப்படாத அகப்பையை விட்டுவிட்டு, 5,000 கேலனை 6,200 கேலனாக்கினார்கள். 2019-இல் திரும்ப ஓடவந்த அமெரிக்காவின் யூனியன் பசிபிக் ரயில்வேயின் பிக் பாய் 4014 என்ற ராட்சத என்ஜினின் டெண்டரில் பதினான்கு சக்கரம்; 90,000 லிட்டருக்கு மேல் தண்ணீர் கொள்ளும். அதற்கும் பின்னால் இன்னொரு தண்ணீர் டெண்டரை இழுத்துக்கொண்டுதான் போகிறது. அந்தக் கூடுதல் டெண்டர்கள் ஒரு காலத்தில் காஸ் டர்பைன் என்ஜின்களுக்கு எண்ணெய் சுமந்தவை. வெட்டாமல் வைத்ததால்தானே இன்று கைகொடுக்கின்றன?

உடனே செய்யவேண்டியது ஒன்றும் பெரிய செலவில்லை. கரி அறையில் மிச்சமிருக்கும் தூளையும் மண்ணையும் வழித்து வெளியே போடுங்கள். ஈரம் பிடித்து வைப்பது அதுதான். டேங்கின் அடியில் உள்ள வடிகால் அடைப்பைத் திறந்து விடுங்கள். மேலே தார்ப்பாய் போடுவதானால் காற்றுப் போக இடம் விட்டுக் கட்டுங்கள். ஆக்சில்பாக்ஸ் மூடிகளைத் திறந்து தண்ணீர் இருந்தால் வடித்து, எண்ணெய் ஊற்றி, முடிந்தால் வண்டியைச் சில அடி நகர்த்தி நிறுத்துங்கள். டேங்குக்குள் யாரும் தனியாக இறங்கவேண்டாம். துருப்பிடித்த மூடிய இடத்தில் காற்றில் பிராணவாயு குறைந்திருக்கும். முதலில் நன்றாகக் காற்று விட்டு, வெளியே ஒருவர் நின்றுகொண்டிருக்கவேண்டும். இதில் அலட்சியம் கூடாது.

பெயின்ட் அடிப்பதை மட்டும் தள்ளிப்போடு. அதற்கு முன் ஃபிரேமின் முனைகள், ஆக்சில் முனைகள், ஸ்பிரிங் தாங்கிகள் எல்லாவற்றையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் பார். அச்சு அடித்த எண்கள் கட்டாயம் எங்காவது இருக்கும். எண் மங்கலாக இருந்தால் மெல்லிய காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடு. கூடவே சக்கரங்களுக்கு நடுவேயுள்ள தூரம், ஃபிரேமின் நீளம், டேங்கின் உயரம் மூன்றையும் டேப் பிடித்து அளந்து அனுப்பு. என்னிடம் உள்ள வரைபடங்களோடு ஒத்துப் பார்க்கிறேன். பேத்தியும் உட்காரத் தயாராக இருக்கிறாள். எந்த வகை என்ஜினோடு ஓடியது என்று தெரிந்துவிட்டால், அந்த வகையை வைத்திருக்கும் மற்றக் குழுக்களுக்கு எழுதலாம். வாங்காவிட்டாலும் கடனாகவாவது, நல்ல கூரைக்கடியில் வைத்துக்கொள்ள யாராவது முன்வரலாம்.

அடுத்த கூட்டம் எப்போது என்று எழுது. அதற்குள் முடிவெடுக்கவேண்டாம் என்று அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவை. கண்ணுக்குச் சொட்டு மருந்தை நேரம் தவறாமல் போட்டுக்கொள். கம்பி பிரஷ் வேலையை இளைஞர்கள் யாரிடமாவது கொடு, தூசி உன் கண்ணில் படக்கூடாது. வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

என்றும் அன்புடன்,
உன் பழைய நண்பன்